மங்களத்தில் நின்ற குதிரை

மெட்ராஸில் எனக்கு ஒரு வேலைக்கான நேர்முகத் தேர்வு வந்திருந்தது. மதியத்துக்குள் அங்கே இருக்க வேண்டும் என்றால், முந்தின நாள் சாயங்காலம் தென்காசி ஜங்ஷனில் மெட்ராஸ் வண்டியைப் பிடித்தாக வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போனதும், அதைத் தாண்டிக் கல்லூரிக்குப் போனதும் நான்தான் முதல். அந்த ரயிலை விட்டால் இன்னொரு தேர்வு எப்போது வரும், யாரைக் கேட்பது என்றெல்லாம் சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. அப்பேர்ப்பட்ட ரயிலை ஒரு சினிமாப் பாட்டால் தவறவிட இருந்தேன். சரியாகச் சொன்னால், சினிமாப் பாட்டைப் பற்றி எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு இருந்த மூன்று அபிப்பிராயங்களால். நான் ஒருவன், அப்பா ஒருவர், மூன்றாவது எங்கள் குதிரை.

அப்பாவுக்குக் குதிரை வண்டி. சீசனில் தென்காசி ஸ்டேஷனில் இறங்குகிறவர்களை ஏற்றிப்போய்க் குற்றாலத்தில் விடுவார். அருவியில் நின்று நின்று விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போனவர்களைத் திரும்ப ஸ்டேஷனில் கொண்டுவந்து சேர்ப்பார். எங்கள் வீடு குற்றாலத்தில், வண்டிகள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது.

வாலிபத்தில் அப்பா, தென்காசிக்கு வந்த ஒரு நாடகக் கம்பெனியோடு ஓடிப்போனவர். நடிப்பதற்கு இல்லை, திரை இழுப்பதற்கு. கயிற்றைப் பிடித்திருப்பவன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எந்தப் பாட்டின் எந்த அடியில் திரை ஏறும், எதில் இறங்கும் என்று தெரியாவிட்டால் ராஜாவின் தலையில் படுதா விழும். அப்படிக் கேட்டுக் கேட்டே ராஜா பாட்டு, ராணி பாட்டு, பபூன் பாட்டு அத்தனையும் அவருக்கு மனப்பாடம். தாத்தா சங்கரன்கோவில் வரைக்கும் தேடிப்போய்க் காதைப் பிடித்து இழுத்து வந்தார். ஆள் வந்து சேர்ந்தார், கூடவே பாட்டும் வந்துவிட்டது.

அதன் பிறகு அவருக்கு வண்டிச் சவாரியே ஒரு நாடகம்தான். கிளம்பும்போது பிள்ளையார் விருத்தம். அது முடிகிற இடத்தில் குதிரை காலெடுத்து வைக்கும். வழி நெடுக ராஜா தர்பார், ராணியின் கோபம், இருவரும் பாட்டிலேயே போடுகிற சண்டை. இறங்குகிற இடம் வந்தால் மங்களம். நாடகத்தில் மங்களம் பாடினால் திரை விழும். எங்கள் வண்டியில் மங்களம் பாடினால் குதிரை நிற்கும், உடனே அதன் வாயில் கொள்ளுப் பையைக் கட்டுவார். வருஷக்கணக்கில் இப்படியே பழகியதில் அந்தக் குதிரைக்கு லகானும் சாட்டையும் வெறும் அலங்காரம்தான்.

விருத்தத்தில் ஒரு விசேஷம் உண்டு. வண்டி கிளம்புகிற இடம் பழக்கடைகளும் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களும் ஈரத்துணியோடு நடக்கிறவர்களுமாக எப்போதும் நெரிசலாக இருக்கும். அப்பா பிள்ளையாரின் தும்பிக்கையை வர்ணித்துக்கொண்டே வந்து, ராகத்தை விடாமல், அதே இழுப்பில், "ஏ ஆச்சீ... ஓரம் போ ஆச்சீ..." என்று சேர்த்துவிடுவார். யாராவது ஓர் ஆச்சி நிச்சயமாகக் குறுக்கே போய்க்கொண்டிருப்பார். சின்ன வயதில் நான் அதுவும் பிள்ளையாரைப் பற்றிய வரி என்றே நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் ஒருநாள் இறைவணக்கத்துக்கு என்னைப் பாடச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆச்சியையும் சேர்த்தே பாடினேன். வாத்தியார் சிரித்து முடிக்க நேரமாயிற்று. அன்றிலிருந்து அந்த வரியைக் கவனமாக ஒதுக்கி வைத்துவிட்டேன். படித்தவன் ஆகிக்கொண்டிருந்தேன் அல்லவா.

எனக்குப் பிடித்த பாட்டுகள் தென்காசி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடையில் இருந்தன. சிலோன் ரேடியோவிலிருந்து வரும் பாட்டு அங்கே கடல் சத்தமும் சேர்ந்ததுபோல ஏறி இறங்கிக் கேட்கும். கல்லூரி விடுமுறையில் ஒரு டீயை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார எனக்கும் என் சேக்காளிகளுக்கும் தெரியும். அந்த வருஷம் ஒரு பாட்டு வந்திருந்தது. முதலில் ஏகப்பட்ட வயலின்கள் கூட்டமாக எழும்பி வரும், திடீரென்று எல்லாம் அடங்கும், ஒரு பெண்குரல் மெதுவாகத் தொடங்கும். இதைப்போல இதற்கு முன்னால் ஒரு பாட்டு உலகத்திலேயே வந்ததில்லை என்று நான் வீட்டில் வந்து சொன்னேன்.

அப்பா குதிரையின் பிடரியைச் சீவிக்கொண்டிருந்தார். "அதையும் கேட்டேன்லே. டீக்கடைல நின்னு கேட்டேன். வெத்தலையை வாயில போட்டு மெல்லுததுக்குள்ள பாட்டைக் காணும். இது பாட்டா, தும்மலா?"

"உங்க ராஜா சாகுததுக்கு அரை மணி நேரம் பாடுதாரே, அது மட்டும் சரியாப்பா? வாள் நெஞ்சுல குத்தி நிக்கி, பாட்டு முடியல."

"வாள் குத்தினாலும் ராகம் பிசகலைல்லா. அதாம்லே பாட்டு."

"காலம் மாறும்ப்பா. சங்கீதத்துலயும் பரிணாம வளர்ச்சின்னு ஒண்ணு இருக்கு."

"அது எந்த ராகம்?" என்றார் அப்பா.

அதற்குள் அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள். "ரெண்டு பேருக்கும் ஒரே வாய்தான். எங்க மாமனாரு இருக்கயில இவுக நாடகப் பாட்டை என்ன சொல்லுவாக தெரியுமாலே? நாய்க்கு வயித்துவலி வந்தாப்ல ஊளையிடுதாம்பாக. அவுகளுக்கு வில்லுப்பாட்டுதான் பாட்டு. குடத்துல நாலு அடி விழுந்தாத்தான் அவுக காதுக்கு ஏறும்."

"அவருக்கு என்ன தெரியும்" என்றார் அப்பா.

"இதைத்தான் உம்ம மகன் உம்மைச் சொல்லுதான்."

அப்பா குதிரையின் மறுபக்கம் போய்ச் சீவ ஆரம்பித்தார்.

குதிரை யார் பக்கம் என்பதில் சந்தேகமே இல்லை. ஒருமுறை அப்பா ஒரு சாவு வீட்டுக்குப் பண்பொழி போயிருந்தபோது நான் வண்டியை எடுத்தேன். டீக்கடைப் பாட்டுகளில் வேகமான ஒன்றைப் பாடிப் பார்த்தேன். குதிரை தலையைத் திருப்பி என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி முன்னால் பார்த்துக்கொண்டு நின்றது. சவாரிக்கு வந்தவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பஸ்ஸில் போனார்கள்.

நேர்முகத் தேர்வுக் கடுதாசி வந்ததும் அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். ஸ்டேஷனுக்கு நம் வண்டியில்தான் போக வேண்டும். ஆனால் அந்த வாரம் முழுக்கச் சாரல் விடவில்லை. நனைந்து நனைந்து அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அம்மா சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கஷாயம் கொடுத்துக்கொண்டே இருந்தாள். கிளம்புகிற நாளில் அவர் குரல் கதவுக் கீல் மாதிரி கிறீச்சிட்டது.

"நான் பஸ்ல போயிருதேம்ப்பா. நீங்க படுங்க."

"ராஜா வேஷம் கட்டிப் போறவன் பஸ்லயா போவான்" என்று கிறீச்சிட்டார். "அந்தப் புதுப் பொண்ணு மாப்ளையும் அதே ரயிலுக்குத்தான் போறாங்க. வண்டி பேசியாச்சு. முன்னால ஏறி உக்காரு."

அந்தப் புது ஜோடி சீசனுக்கு வந்திருந்தது. பெண் சுரண்டையில் கடை வைத்திருக்கிற ஒரு வீட்டுப் பெண். மாப்பிள்ளைக்கு ஊர் மதுரைப் பக்கம், உத்தியோகம் மெட்ராஸில். மாமனார் சீராகக் கொடுத்த டிரான்சிஸ்டர் ஒன்று அவரிடம் இருந்தது. தோல் உறை போட்டு, தோளில் வாரோடு மாட்டியிருந்தார். அருவிக்கரைக்கும் அதைக் கொண்டுபோய், குளிக்காமல் அதற்குக் காவல் நின்றார் என்று பெண் போகிற போக்கில் என்னிடம் சொன்னாள். மற்ற நாளாக இருந்தால் அப்பா, "சார், நம்ம வண்டில ஒரு கச்சேரிதான்" என்று சொல்லி அதை அணைக்க வைத்திருப்பார். அன்று அவருக்குக் குரல் இல்லை. இருந்த கொஞ்சத்தையும் திரட்டி விருத்தத்தை எப்படியோ கரகரத்து, ஆச்சியையும் ஓரம் போகச் சொன்னார். குதிரை காதை ஒருமாதிரி சாய்த்துச் சந்தேகப்பட்டது. பிறகு, போனால் போகிறது என்று நகர்ந்தது. அதோடு அப்பாவின் தொண்டை பூட்டிக்கொண்டது.

"வண்டிக்காரரே, பாட்டு போடலாமா?" என்று மாப்பிள்ளை கேட்டார். அப்பா கையை விரித்தார். மாப்பிள்ளை அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

சாரலும் வெயிலும் சேர்ந்து விழுந்துகொண்டிருந்தன. இரண்டு பக்கமும் வயல். நான் முன்னால், அப்பாவுக்குப் பக்கத்தில், தகரப் பெட்டியைக் கால்களுக்கு இடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நேரம் தாராளமாக இருந்தது. விளம்பரம் முடிந்து பாட்டு, பாட்டு முடிந்து விளம்பரம் என்று ஓடிக்கொண்டிருந்தது. மேலகரத்துக்குச் சற்று முன்னால் வயலின்கள் கூட்டமாக எழும்பின. எனக்குச் சிலிர்த்துவிட்டது.

"இதாம்ப்பா. நான் சொன்னம்லா, அந்தப் பாட்டு. அண்ணாச்சி, கொஞ்சம் சத்தமா வையுங்க."

மாப்பிள்ளைக்கு ஏக சந்தோஷம். "உங்களுக்கும் பிடிக்குமா தம்பி? லேட்டஸ்ட் இது" என்று முழுக்கத் திருகினார். வயலின் அடங்கியது. பெண்குரல் முதல் வரியைத் தொடங்கியது. குதிரையின் நடை தளர்ந்தது. இரண்டாவது வரியில் சுத்தமாக நின்றது. நடுரோட்டில் நின்று, தலையைத் திருப்பி, கொள்ளுப் பை எங்கே என்று அப்பாவைப் பார்த்தது.

அப்பா லகானைச் சுண்டினார். நாக்கைச் சொடுக்கினார். இறங்கிப் போய்க் கடிவாளத்தைப் பிடித்து இழுத்தார். குதிரை மரியாதையாகக் கழுத்தை மட்டும் கொடுத்தது, காலைக் கொடுக்கவில்லை.

"என்னாச்சு, குதிரைக்கு உடம்பு சரியில்லையா?" என்றார் மாப்பிள்ளை.

அப்போது குற்றாலத்துப் பஸ் எங்களைத் தாண்டிப் போயிற்று. படிக்கட்டு வரை ஆட்கள். கை காட்டினேன். கண்டக்டரும் எனக்குக் கை காட்டிவிட்டுப் போனார். தாராளமாக இருந்த நேரம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இந்நேரம் ரயில் செங்கோட்டையை விட்டிருக்கும்.

மணப்பெண் மட்டும் தலையைச் சாய்த்துப் பாட்டையே கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏங்க, இது மங்களம்லா."

"எது?"

"இந்தப் பாட்டு. வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சதும் எங்க அம்மை பாடுவா. மெட்டு அதேதான். வார்த்தைதான் வேற."

"போன மாசம் வந்த பாட்டும்மா இது."

"பாட்டு போன மாசம் வந்திருக்கும். மெட்டு அங்கனயேதான் கெடந்திருக்கு" என்று சொல்லிவிட்டு ஒரு வரியைப் பாடியும் காட்டினாள். மங்களமேதான். வயலினையும் தாளத்தையும் உரித்து எடுத்துவிட்டால் உள்ளே எங்கள் வண்டி மங்களம் உட்கார்ந்திருந்தது. அவள் பாடியதைக் கேட்டு, வேலை முடிந்தது உறுதியாகிவிட்ட திருப்தியில் குதிரை ஒரு தரம் செருமிக்கொண்டது. உலகத்திலேயே வந்திராத பாட்டு என்று சொன்னவனின் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அப்பா பார்த்தார். குரல் இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார்.

கொள்ளுப் பையைக் கட்டிப் பார்த்தோம். நாலு வாய் தின்றது. பையை அவிழ்த்ததும் பழையபடி நின்றது. அதன் கணக்கில் ஒரு நாடகம் முடிந்துவிட்டது. அடுத்த நாடகத்துக்கு விருத்தம் வேண்டும். அப்பா வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. இன்னொரு தரம் திறந்தார். பிறகு என்னைப் பார்த்து விரலை நீட்டினார்.

"நானா? எனக்குத் தெரியாதுப்பா."

அப்பா என் காதருகே வந்து ஊதினார். "பொறந்ததுல இருந்து கேட்டுட்டு இருக்க. தெரியாதாம். பாடுலே. ரயில் போயிரும்."

மாப்பிள்ளை டிரான்சிஸ்டரை அணைத்துவிட்டார். எழுந்து நின்றால் கூரை இடித்தது. உட்கார்ந்தபடியே தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தேன். தெரியாது என்று சொன்னது பொய்யில்லை, தெரியும் என்பது எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வரியும், அப்பா மூச்சு வாங்குகிற இடம் உட்பட, வந்துகொண்டே இருந்தது. உச்சரிப்புச் சுத்தமாக, இறைவணக்கம் பாடுவதுபோலப் பாடி முடித்தேன். குதிரை காதுகளைத் தூக்கியது. ஒரு முன்னங்காலையும் தூக்கியது. தூக்கிய காலை அதே இடத்தில் வைத்துவிட்டது.

அப்பா தலையில் அடித்துக்கொண்டு மறுபடி ஊதினார். "ஆச்சியை விட்டுட்டியேலே."

"ரோட்டுல ஆச்சியே இல்லியேப்பா."

"அது அவனுக்குத் தெரியுமா?"

மணப்பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்க ஆரம்பித்தாள். தூரத்தில் ரயில் ஊதுவதுபோல எனக்குக் கேட்டது. ஊதியதோ இல்லையோ, எனக்குக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். "ஏ ஆச்சீ... ஓரம் போ ஆச்சீ..." என்று காலியான ரோட்டை நோக்கி, அடிவயிற்றிலிருந்து, அப்பா இழுக்கிற இழுப்பு முழுவதையும் இழுத்தேன்.

வண்டி ஒரு வெட்டு வெட்டிக் கிளம்பியது. அப்பா ஓடிவந்து தொற்றி ஏறினார். மாப்பிள்ளை பின்பக்கம் சரிந்தார். டிரான்சிஸ்டர் வண்டிக்குள் பரப்பியிருந்த வைக்கோலில் விழுந்தது. ரோடு நான் நினைத்த அளவுக்குக் காலியாக இல்லை. வளைவில் புல்லுக்கட்டோடு ஓர் அம்மாள் போய்க்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து நின்று, "ஓரமாத்தாம்லே போயிட்டிருக்கேன். அதுக்கு எதுக்கு இந்த அழுகை அழுவுத?" என்றாள்.

பாட்டை நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் நடை தளர்ந்தது. ராஜா தர்பாரை எடுத்தேன். ராணியின் கோபத்தையும் நானே பாடினேன். மாப்பிள்ளை என் தகரப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துத் தாளம் போட ஆரம்பித்தார், நன்றாகவே போட்டார். ராணி கோபித்துக்கொண்டு போகிற இடத்தில் மணப்பெண், "ஒன்ஸ்மோர்" என்றாள். அப்பா மட்டும் பாதையைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் ஒரு சங்கதியை விட்டுவிட்டபோது விரலால் காற்றில் அதைப் போட்டுக் காட்டினார்.

ஸ்டேஷன் வாசல் தெரிந்தது. சிக்னல் இறங்கியிருந்தது. இப்போது குதிரையை நிறுத்த வேண்டும். மங்களத்துக்கு வாயைத் திறந்தேன். அவசரத்தில் வந்தது அந்தச் சினிமாப் பாட்டின் முதல் வரி. வந்ததை விடாமல் பாடினேன். இரண்டாவது வரியில், வாசலுக்கு நேராக, வண்டி நின்றது. அப்பா புருவத்தைத் தூக்கிக் குதிரையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

ரயில் உள்ளே வந்துகொண்டிருந்தது. ஆளுக்கொரு பெட்டியாகத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மாப்பிள்ளை முதலில் டிரான்சிஸ்டரை ஏற்றினார், அப்புறம் பெண்சாதியை ஏற்றினார். அவள் அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டே ஏறினாள். எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். தேர்வில் எப்படிப் பேச வேண்டும், பெரியவர்கள் முன்னால் எப்படி நிற்க வேண்டும் என்று ஏதாவது இருக்கும் என்று குனிந்தேன்.

"பாட்டு நல்ல பாட்டுதாம்லே" என்றார் கிசுகிசுப்பாக. "ஆனா எடுத்த எடுப்புலயே மங்களத்தைப் பாடிப்பிட்டானே. பெறவு அவன் என்னத்தப் பாடுவான்?"

ரயில் நகர்ந்தது.

வேலை கிடைத்தது. தேர்வில் என் குரல் கம்மிக் கிடப்பதைப் பார்த்து ஒருவர் காய்ச்சலா என்று கேட்டார். பாடியதால் என்று சொன்னேன். என்ன பாட்டு என்று அவர் கேட்காதது என் அதிர்ஷ்டம்.

அடுத்த சீசனுக்கு லீவில் வந்து இறங்கியபோது அப்பா ஸ்டேஷனில் சவாரியோடு நின்றார். குரல் பழையபடி கணீரென்று இருந்தது. காலேஜ் பையன்கள் மூன்று பேர் வண்டியில் இருந்தார்கள். நான் முன்னால் ஏறிக்கொண்டேன். விருத்தம், தர்பார், கோபம் எல்லாம் முறைப்படி நடந்தன. குற்றாலம் நெருங்கி, ஈரக்காற்று முகத்தில் அடித்ததும் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு மங்களம் எடுத்தார். எடுத்தது மங்களம் இல்லை, அந்தச் சினிமாப் பாட்டு. மூன்று நிமிஷப் பாட்டைப் பிடித்து இழுத்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஆலாபனை போட்டு, கடைத்தெரு முனையிலிருந்து விடுதி வாசல் வரைக்கும் விரித்துப் பாடினார். நடுவில் பழக்கூடையோடு ஒருத்தி குறுக்கே வந்தாள். ஆச்சியும் ராகத்தோடு உள்ளே வந்து, ஓரமாகப் போனாள். வாசலில் குதிரை நின்றது.

பையன்களில் ஒருவன் இறங்காமல் யோசித்துக்கொண்டே இருந்தான். "பெரியவரே, அந்தப் பாட்டு எனக்குத் தெரியும். கிராமபோன் பிளேட்டே எங்க வீட்டுல இருக்கு. அதுல ஆச்சி எங்க வருது?"

அப்பா கொள்ளுப் பையைக் கட்டிக்கொண்டே, திரும்பிப் பாராமல் சொன்னார்.

"பிளேட்டுல அதை விட்டுட்டான் தம்பி."